இத்தாலிக்குக் கிளம்பி பென்யாபோங்கில் இறங்கியவர்கள்

போன ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் இத்தாலிக்கு விமானம் ஏறியிருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருடம், அதற்காகப் பத்து நாள் லீவு. ரோம் வேண்டாம், வெனிஸ் வேண்டாம், கூட்டம் எட்டிப் பார்க்காத சின்னச் சின்னக் கடலோர ஊர்கள் போதும் என்று ஸ்டெல்லா ஒரு வருடமாகத் திட்டம் போட்டிருந்தாள். அதற்கு விதிகள்கூட வைத்திருந்தாள். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் படகுத்துறைக்குப் போக வேண்டும். அன்றைக்குப் படகில் வந்ததைத்தான் சாப்பிட வேண்டும். அப்புறம் கால் வலிக்கிற வரைக்கும் நடக்க வேண்டும்.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார், இது முடிய இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு. ஐரோப்பாவுக்கு, நீங்க திரும்பற நாளுக்கு மேல மூணு மாசம் வேணும்" என்றாள். அலமாக்! ஸ்டெல்லாவின் பாஸ்போர்ட்டில் நான்கு வருடம் பாக்கி இருந்தது.

இந்த முட்டாள்தனத்தை ஜொகூர்க்காரனால்தான் செய்ய முடியும். என் வீடு மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில், மாசாயில்; வேலை சிங்கப்பூரில் ஒரு கிடங்கில். பதினொரு வருடமாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடக்கிறேன். எனக்குப் பாஸ்போர்ட் என்பது பஸ் கார்டு மாதிரி, சட்டைப் பையில் கிடக்கும், எடுப்பேன், காட்டுவேன், போவேன். வேலை பாஸ் இருந்ததால் அங்கேயும் யாரும் என்னை நிறுத்தியதில்லை. பஸ் கார்டில் எவன் தேதி பார்ப்பான்? வெளிநாடு கிளம்பும் பாலத்து மக்களே, இதைப் படித்து முடித்த கையோடு போய்ப் பாருங்கள்.

டிக்கெட் காசு போனது போனதுதான். அழுகிற மாதிரி இருந்த ஸ்டெல்லாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "சரி விடு ஸ்டெல், லீவ கேன்சல் பண்ணிட்டு திங்கக்கிழமையே வேலைக்குப் போயிடறேன், லீவாவது மிச்சமாகும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்சியிலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை.

இரவெல்லாம் யோசித்தேன். நம்ம மாநிலத்திலும் கடல் இருக்கிறது, ஊர் இருக்கிறது, மீன் இருக்கிறது. அவள் விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு ஜொகூரின் கிழக்குக் கரையைச் சுற்றினால் என்ன? தீவு கிடையாது, பெரிய ரிசார்ட் கிடையாது. ஞாயிறு காலை ஏழரைக்கு பெட்டியைக் காரில் ஏற்றினேன். ஏற்கனவே கட்டிய பெட்டி என்பதால்தானோ என்னவோ, அவளும் வந்து உட்கார்ந்தாள். இரண்டு இரவுக்கு மட்டும் இடம் சொல்லியிருந்தேன். புதன்கிழமை வேலைக்கு வரக்கூடும் என்று சூப்பர்வைசருக்கும் ஒரு செய்தி போட்டு வைத்தேன். அதற்குள் அவளைப் பேச வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் பயணத் திட்டம்.

கோத்தா திங்கியைத் தாண்டும்போது என் தொலைபேசி அடித்தது. பினாங்கில் படிக்கும் எங்கள் மகள். "ப்பா, ஏர்கான் ரொம்ப குளிருதாம், அம்மா குறைக்கச் சொல்றாங்க." பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அம்மா ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களை ரசித்துக்கொண்டிருந்தார். பினாங்கு வரைக்கும் போய்த் திரும்பி வந்த அந்தச் செய்திக்குக் கட்டுப்பட்டு ஏர்கானைக் குறைத்தேன்.

முதல் ஊர் செடிலி. கோத்தா திங்கியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நாற்பத்தைந்து நிமிடம். ஆற்று வாயில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கின்றன, பச்சையும் சிவப்பும் நீலமுமாக. வெளியூர் முகம் என்று எங்களைத் தவிர ஒருவரும் இல்லை! சூடாகப் பொரித்த கெரோபோக், அதாவது மீனும் மாவும் பிசைந்த வறுவல், ஒரு பொட்டலம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). மிளகாய்ச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டதும் எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஸ்டெல்லா மூன்று பொட்டலம் வாங்கினாள். எனக்கு ஒன்று தந்தாள், பேசாமல்.

அங்கிருந்து மறுபடி பெரிய சாலைக்கு வந்து மெர்சிங். மீட்டரில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒன்றே முக்கால் மணி நேரம். யானை கடக்கும் பலகைகள் நிறைய வரும், வேகம் வேண்டாம். மெர்சிங் என்றால் எல்லோரும் தியோமான் தீவுப் படகுக்காக ஓடுவார்கள், ஊரை யாரும் பார்ப்பதில்லை. பாவம் அவர்கள். ஆற்றங்கரையோடு நடந்து குன்றின் மேல் பள்ளிவாசல் வரை ஏறினால் ஊர், ஆறு, கடல், தீவுகள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். காசு கிடையாது, இருபது நிமிட ஏற்றம்தான். அறை 95 வெள்ளி, சுத்தமாக இருந்தது.

திங்கள் காலைச் சாப்பாடு ஒரு பாய் கடையில். நாசி டாகாங், அதாவது தேங்காய்ப் பால் சோறும் சூரை மீன் குழம்பும், ஒரு தட்டு ஏழு வெள்ளி. பாய்க்கு அறுபது வயதிருக்கும். நாங்கள் தமிழ் பேசுவது தெரிந்ததும் மேசைக்கே வந்துவிட்டார்.

"எந்தத் தீவுக்குப் போறீங்க?"

"தீவுக்கு இல்ல பாய், ஊர் பாக்க வந்தோம்" என்றேன்.

"ஊரா? மெர்சிங்கயா? முப்பது வருசமா கடை வச்சிருக்கேன், இப்படி ஒருத்தர் சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்!"

அவ்வளவுதான், ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். என்னிடம் இல்லை, பாயிடம். "இத்தாலிக்குப் போக வேண்டியவங்க பாய் நாங்க. இவரு பாஸ்போர்ட்ட பாக்காம கூட்டிட்டுப் போயி, கவுண்டர்ல மானத்த வாங்கிட்டாரு."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தினம் பாலம் போற ஆளா தம்பி? அப்ப சரிதான். என் மச்சானும் இதே மாதிரி ஹஜ்ஜுக்குப் போறப்ப மாட்டினான். நீங்க எண்டாவ் போங்க தங்கச்சி, இத்தாலியாவது ஒண்ணாவது, எண்டாவ் எறாலப் பாத்தா எல்லாம் மறந்துரும் லா." ஸ்டெல்லா சிரித்தாள். சிரிப்பு பாய்க்குத்தான், ஆனால் நானும் அந்த மேசையில்தானே இருந்தேன்!

எண்டாவ் வடக்கே முப்பத்தெட்டு கிலோமீட்டர், பகாங் மாநில எல்லையில். வழியில் ஆயர் பாப்பான் கடற்கரையில் இறங்கினோம். சவுக்கு மரங்களுக்குக் கீழே நீள நீளமாக மணல், திங்கட்கிழமை என்பதால் எங்களுக்கும் இரண்டு நாய்களுக்கும் சொந்தம். எண்டாவில் பெரிய படகுகள் மீன் இறக்குவதைப் பார்த்தோம். ஐஸ் உடைக்கிற சத்தத்தில் காது அடைத்துவிட்டது. பாய் சொன்னது பொய்யில்லை. என் உள்ளங்கையை விட நீளமான இறால் போட்ட மீ நூடுல்ஸ், ஒரு தட்டு 18 வெள்ளி. இரண்டாவது தட்டுக்கு ஸ்டெல்லாவே கை தூக்கினாள்.

பென்யாபோங் போக மெர்சிங் பக்கம் கொஞ்சம் திரும்பி வந்து கடல் பக்கம் இறங்க வேண்டும். கடைசிப் பகுதி வளைந்து வளைந்து மேடு ஏறி இறங்கும். சாலை முடிகிற இடத்தில் ஒரு கம்பம் (சின்ன கிராமம்), ஒரு பாறை மூக்கு, அதற்கப்புறம் கடல்தான். தூரத்தில் தியோமான் நீலமாகத் தெரிந்தது. மர வீடு ஒன்று இரவுக்கு 120 வெள்ளி, காலைச் சாப்பாட்டோடு. நடத்துகிறவர் காக் ரோஹானா. மலாயில் 'காக்' என்றால் அக்கா.

செவ்வாய் காலை பத்து மணி. நல்ல வெயில். வாசலில் மேசை போட்டு காக் ரோஹானா நாசி லெமாக், தேங்காய்ப் பால் சோறும் சம்பலும், வைத்துவிட்டுப் போனார். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா என்னையே பார்ப்பது தெரிந்தது.

"புருவத்துல வெள்ள முடி வந்திருச்சு உங்களுக்கு" என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

"ரெண்டு வருசமா இருக்கே."

"எனக்கெப்படித் தெரியும்? நாலு மணிக்கு இருட்டுல போறீங்க, ஒன்பது மணிக்கு இருட்டுல வர்றீங்க. ஞாயித்துக்கிழமன்னா ஓவர்டைம், இல்லன்னா தூக்கம்."

நான் பாஸ்போர்ட்டுக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "பாஸ்போர்ட்ட விடுங்க. இத்தாலியும் கடலும் யாருக்கு வேணும்? ஓடிப்போயி மோட்டார் எடுக்க முடியாத ஊர்ல பத்து நாள் உங்கள பகல்ல வச்சுப் பாக்கலாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா ஏர்போர்ட்டுலயே லீவ கேன்சல் பண்ணப் பாக்குறீங்க." கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். இருபது வருடம் கூட வாழ்ந்தும் அவள் கோபம் எதன் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மேசை மேல் தொலைபேசி அதிர்ந்தது. சூப்பர்வைசர். நாளைக்கு ஆள் பத்தவில்லை, வர முடியுமா, உடனே சொல் என்று கேட்டிருந்தார். ஸ்டெல்லாவும் படித்தாள், தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். 'முடியாது, லீவில் இருக்கிறேன்' என்று அடித்து அவள் பக்கம் திருப்பினேன். அவளே அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். அப்புறம் எழுந்து, "காக், வீடு அடுத்த திங்கள் வரைக்கும் கிடைக்குமா?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் அக்டோபர் வரை நல்ல காலம், பிறகு மழையும் முரட்டு அலையும். சொந்தக் கார் வேண்டும், பென்யாபோங் பக்கம் பஸ்ஸை நம்ப முடியாது. மெர்சிங்கிலேயே காருக்கு எண்ணெய் நிரப்பி, கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். ஜொகூரில் இப்போது மறுபடி சனி ஞாயிறு விடுமுறை என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை போனால் கடற்கரை உங்களுக்கே. பென்யாபோங்கில் தொலைபேசி சிக்னல் வரும், அணைத்து வைப்பது உங்கள் சமர்த்து. எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பீர்கள். நான்கு ஊரையும் பார்க்க இரண்டு நாள் தாராளம். நாங்கள் ஒன்பது நாள் இருந்தோம்.