அக்காவின் ஆறாயிரம் காலடிகள்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். நான் படித்தது உயிரியல். ஆகவே அக்கா இரண்டாம் முறை கருவுற்றபோது, யாழ்ப்பாணத்து விடுதியில் இருந்தபடியே அவளுடைய வயிற்றுக்கு நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தமுறை அக்கா கட்டிலை விட்டு இறங்கவே பயந்தாள். கிணற்றடிக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். ஆறாம் மாதம் மருத்துவமாது வந்து பார்த்து, "ஒரு குறையும் இல்லை, நல்லா நடவுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அசையவில்லை.

நான் விரிவுரைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் பிரசங்கம் தொடங்கினேன். தாய் நடந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு நல்லது. தாய் எந்நேரமும் பயந்துகொண்டு கிடந்தால் அது பிள்ளையையும் பாதிக்கக்கூடும். இதில் பலதும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் கண்டவை என்பதை மட்டும் மறைத்துவிட்டேன். எலி என்று கேட்டால் அம்மா போனை வைத்துவிடுவார்.

அக்காவின் போனில் காலடி எண்ணும் செயலி ஒன்றைப் போடவைத்தேன். தினமும் பின்னேரம் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பவேண்டும். முதல் நாள் நாற்பது. நான் கத்தினேன். மறுநாள் இரண்டாயிரம். கிழமை முடிவதற்குள் ஆறாயிரம்! விடுதியில் எல்லோருக்கும் காட்டித் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் ஊர் அக்கராயனில் போய் இறங்கினேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்து மாங்காயை உப்புத்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தட்டைத் தலையணைக்குப் பின்னால் தள்ளினாள்.

"போன் எங்க அக்கா?"

"சார்ஜில கிடக்கு."

நான் அவளுடைய இலக்கத்துக்கு அழைத்தேன். வெளியே பயித்தங்கொடிப் பந்தலுக்குப் பின்னால் பிள்ளையார் பாட்டுக் கேட்டது. பாட்டோடு அம்மாவும் வந்தார். கையில் தண்ணீர் வாளி. இடுப்பில், சேலைக்குள் செருகிய அக்காவின் போன்.

"அம்மா, இது என்ன வேலை?"

"நீதானேயடி தாய் நடந்தா பிள்ளைக்கு நல்லதெண்டனி? அவளுக்குத் தாய் நான்தானே. நான் நடக்கிறன்."

"ஐயோ, வயித்தில பிள்ளை இருக்கிற தாய் அம்மா!"

"அந்த நடையும் நடந்தாச்சு. சண்டைக்குள்ள இடம்பெயரேக்க, உன்னை வயித்திலயும் இவளை இடுப்பிலயும் வைச்சுக்கொண்டு, தலையில பெட்டியோட எத்தினை நாள் நடந்தனான். பயத்துக்கும் குறைவில்லை. உன்ர மூளைக்கு என்ன வந்தது? வாய்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."



அக்கா சிரிக்கத் தொடங்கினாள். பல மாதங்களாக அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டினாள்.

"அந்த நடைக்கும் இவள் இறங்கேல்லை என்ன அம்மா?"

"இவளோ? உடும்பு மாதிரிப் பிடிச்சுக்கொண்டெல்லோ கிடந்தவள்."

அக்கா கொஞ்ச நேரம் தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "அப்ப போனைத் தாங்கோ."

அன்று வாசல் படலைவரை போய்த் திரும்பி வந்தாள், சுவரைப் பிடிக்காமல். இடையில் களைத்தால் இருப்பதற்கென்று அம்மா பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். முந்நூற்றுப் பன்னிரண்டு காலடிகள். போன் அக்காவின் கையில்தான் இருந்தது. நான் இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.