குழம்பு வாளி

என் மகனுக்கு விருந்தாளி என்றால் உயிர். அவன் மகள், எங்கள் ஊரிலேயே முதன்முதலாக நர்ஸ் கோட்டு போட்டவள், சேலத்தில் தன்னோடு சேர்ந்து வாழும் பெண்ணை மலை மேலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "வாங்கம்மா, உக்காருங்கம்மா." குடித்த டம்ளரை அந்தப் பெண் கழுவப் போனால், "ஐயோ, வெச்சுருங்கம்மா" என்று பிடுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தாலும் அவளுக்கு அதே நாற்காலிதான்.

பேத்திக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. மரியாதை கொடுத்துக் கொடுத்தே அவளை வாசலில் நிறுத்தி வைத்திருந்தான்.

அந்த வருஷம்தான் டெல்லியில் கேஸ் நடந்தது. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் கல்யாணம் செய்தால் சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று டிவியில் தினமும் கோட்டு போட்டவர்கள் கத்தினார்கள். நான் மூன்றாம் வகுப்புதான். ஆனாலும் அத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் காதிலும் விழாது என்பது எனக்குத் தெரியும். கடைசியில் கோர்ட்டு, இது எங்கள் கையில் இல்லை, சட்டம் போடுகிறவர்களைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டது.

போனில் பேத்தி அழுதாள். "கோர்ட்டு போனாப் போவுது அப்பத்தா. நம்மூட்டுலயாச்சும் அவ விருந்தாளியா இல்லாம இருக்கோணும். இல்லீன்னா நானும் இனி வரல."

"வராம எங்க போவ? மொளகு பழுக்கப் போவுது, யாரு பறிக்கறது?" என்று அதட்டினேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சோற்றை விடுகிற ஆளில்லை நான்.

பக்கத்து வீட்டுக்காரி வேறு வந்து கிண்டினாள். "ஏனுங்க ஆத்தா, அந்த ரெண்டு புள்ளைகள்ல மாப்ள யாருங்க?"

"உங்கூட்டுல ஒரு மாப்ள இருக்காரே, பொழுதுக்கும் கட்டில்ல. அவரப் பாத்தப்புறமும் மாப்ள வேணும்னு தோணுதா கண்ணு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவுஞ் செரிதானுங்க" என்று போய்விட்டாள்.

தை மாதம் மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். ஊருக்கே விருந்து. வந்தவர்கள் பாயில் உட்காருவார்கள், வீட்டு ஆட்கள் பரிமாறுவோம், வீட்டுப் பெண்கள் கடைசியில் சாப்பிடுவோம். மகன் அந்தப் பெண்ணை முதல் பந்தியிலேயே, நல்ல பாயாகப் பார்த்து உட்கார வைத்தான். பேத்தியின் முகம் சுருங்கியது. உள்ளே போய், பஸ்ஸுக்குப் பையை எடுத்து வந்தாள்.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ சாமி, வாளி தூக்க முடியலியே!" எனக்கு இடுப்பு வலியே கிடையாது. முந்தின நாள்தான் மரவள்ளி மூட்டை சுமந்தேன். நேராகப் போய் அந்தப் பெண்ணிடம் குழம்பு வாளியை நீட்டினேன். "எந்திரி கண்ணு. ஊட்டுக்காரிக்கு மொதப் பந்தியில என்ன எல கேக்குது?"

ஊரே திரும்பிப் பார்த்தது. "அம்மா, அவங்க..." என்று மகன் ஓடி வந்தான்.

"அவங்க யாரு? எல்லாத்துக்கும் கேக்கறாப்ல சொல்லு சாமி."

அவன் பாயில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகி வாளியை வாங்கினாள். கை தாராளமான பிள்ளை. அவரைக் குழம்பு இலையைத் தாண்டி ஓடியது. முதல் வரிசை முடிவதற்குள் பாதி வாளி காலி.

மகனால் பொறுக்க முடியவில்லை. "ஏம்புள்ள, இப்படியா ஊத்துவ? பின்னாடி ரெண்டு பந்தி கெடக்குதே, அவங்களுக்கு என்னத்தப் போடுவ?"

அவள் அப்படியே நின்றாள். திட்டு வாங்கி ஒரு முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பேத்தி பையைக் கீழே வைத்தாள். தான் என்ன பேசினோம் என்பது மகனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. தலையைச் சொறிந்தான். பிறகு, "கரண்டியச் சாச்சுப் புடி. இப்படி" என்று காட்டிக் கொடுத்தான்.

கடைசிப் பந்தியில் நாங்கள் உட்கார்ந்தபோது வாளியில் சொட்டுக் குழம்பில்லை. உதவிக்கு நின்ற பக்கத்து வீட்டுக்காரி இலையைப் பார்த்துவிட்டு, "கொழம்பு எங்கீங்க ஆத்தா?" என்றாள்.

"எங்கூட்டுப் புள்ள பூராத்தையும் ஊத்திப்போட்டா" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.