மாமாவின் பயம்

அப்பா என்னை ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறார். அதுவும் அவருக்காக நான் தொண்டை கிழியக் கத்தியதற்காக. அறை விழுந்தபோது வலித்ததா என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. அடித்தது அப்பாவின் கை என்பதை நம்புவதற்கே எனக்கு நாலைந்து நாள் பிடித்தது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் இருந்த ஆண்கள் பாதிப்பேர் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போவார்கள். பகல் முழுக்க ஏதாவது ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். அப்பாவும் அப்படித்தான். அடுத்த லைனில் குடியிருந்த பெரிய மாமாவும் அப்படித்தான். பெரிய மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே ரயில், ஒரே பெட்டி.

ஒரு காலத்தில் இரண்டு பேருமே கம்பெனி ஹாக்கி டீமின் கோல்கீப்பர்கள். ஒருவர் பின் ஒருவராக நின்றவர்கள். முதலில் மாமா ஆறு வருடம் நின்றார். அவர் விலகியதும் அப்பா வந்தார். சுரங்கம் மூடும்வரை ஒன்பது வருடம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எதையாவது பேசித்தானே பொழுதைத் தள்ள வேண்டும்? அந்தப் பெட்டிக்குக் கிடைத்த விஷயம், இந்த இரண்டு கீப்பர்களில் யார் உசத்தி என்பது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து கிரவுண்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். நான் அப்பாவின் கூடவே போய் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு வைத்திருந்தேன்.

மாமா கட்சிக்காரர்கள் கண்கள் மின்னப் பேசுவார்கள். ஷார்ட் கார்னரில் அடிக்கிறவன் மட்டையைத் தூக்கும்போதே பந்து எந்தப் பக்கம் வரும் என்று மாமாவுக்குத் தெரிந்துவிடுமாம். பாய்ந்தால் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு ஒரே பாய்ச்சலாம். வெளியூரிலிருந்து வந்த டீம் ஒன்று தோற்றுப்போனபின் வரிசையில் வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனதாம். அப்பா கட்சிக்காரர்கள் அவசரப்பட மாட்டார்கள். பாய்கிறவன் பெரிய ஆளா, பாயவே தேவையில்லாத இடத்தில் நிற்கிறவன் பெரிய ஆளா என்று கேட்பார்கள். ஒன்பது வருடம், மழையோ காய்ச்சலோ, ஒரு மேட்சுக்குக்கூட அப்பா வராமல் இருந்ததில்லை. கடைசியில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜை அந்தக் காலத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொல்வார்: "என்னா இருந்தாலும் பாதில விட்டுட்டுப் போனவரு பாதில விட்டுட்டுப் போனவருதாம்பா."

மாமா ஏன் பாதியில் விட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு மேட்சில் பந்து அவர் நெற்றியை உரசிக்கொண்டு போயிற்று. மறுநாள் அவரே கேப்டனிடம் போய், பந்தைக் கண்டாலே பயமாக இருக்கிறது, இனிமேல் என்னால் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் வாயாலேயே சொன்னது. அதனால் அதில் வாதத்துக்கே இடமில்லை.

இந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை இருந்தது. அப்பா மாமா கட்சி. மாமா அப்பா கட்சி. "மச்சான் கால் தூசுக்கு நான் ஆவ மாட்டேன்" என்று அப்பா சொல்வார். "மாப்ள மாதிரி நிக்க எவனால முடியும்?" என்று மாமா சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். பள்ளிக்கூடத்தில் எங்கப்பாதான் நம்பர் ஒன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இவரானால் தன்னைத்தானே இறக்கிக்கொள்கிறாரே! வீட்டில் அம்மாவிடம் நியாயம் கேட்டால், பேச்சு ஆரம்பித்த உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பிவிடுவார். குடம் நிறைந்திருந்தாலும் கிளம்பிவிடுவார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பங்காருபேட்டைக்காரர்களோடு பழைய ஆட்டக்காரர்கள் மேட்ச் வைத்தார்கள். எங்கள் பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு வினோதம் உண்டு. பதினைந்து பேர் பெயர் கொடுத்தால் அதில் பத்துப் பேர் கோலில் நிற்கிறேன் என்பார்கள். முன்னால் ஓடி ஆட யாருக்கும் மனசில்லை. எல்லோரும் சோம்பேறிகள் என்று நான் தீர்மானித்திருந்தேன். மற்றவர்களைச் சமாளித்து உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா, மாமா விவகாரம்தான் முடியவில்லை. நீ நில்லு, நீ நில்லு என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோலுக்கு நேரே நின்று அடிக்கும் ஸ்ட்ரோக் ஆளுக்கு ஐந்து. அதிகம் தடுத்தவர் மேட்சில் நிற்பார். ரயில் சண்டையும் அதோடு தீரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டிசம்பர் காற்றில், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டின் வெள்ளைத் தூசி கிரவுண்டுக்குள் வந்துகொண்டிருந்தது. காலில் கட்டும் பேட் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. முதலில் அப்பா கட்டிக்கொண்டார். ஐந்தில் மூன்றைத் தடுத்தார். நான் கோட்டுக்கு வெளியே நின்று குதித்துக்கொண்டிருந்தேன். மூன்று என்றால் சும்மாவா?

பிறகு மாமா. முதல் பந்து இடது கைப்பக்கம் வந்தது. தள்ளிவிட்டார். இரண்டாவது வலது காலடிக்கு வந்தது. அதையும் தள்ளிவிட்டார். மூன்றாவது மேல் மூலைக்குப் போனது. அதை அவர் பாய்ந்து பிடித்த விதத்தைப் பார்த்து என் வாய் தானாகத் திறந்துகொண்டது. கதைகளில் கேட்ட மாமா என் கண் முன்னால் வந்து விழுந்தார். மூன்றுக்கு மூன்று. இன்னும் ஒன்றைத் தடுத்தால் அப்பா காலி.

ஆனால் விழுந்த மாமா எழுந்திருக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருமினார். ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டினார். இருமல் நிற்கவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியை நான் விடவில்லை. மாமா எழுந்தால் அப்பா தோற்றுவிடுவார் என்ற ஒரே நினைப்பு. கையை வாயருகே குவித்துக்கொண்டு, கிரவுண்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"மாமா பயந்துட்டாரு! அப்பவும் பயந்துகினுதானே பாதில உட்டு ஓடினாரு! எங்கப்பா ஒம்போது வருஷம் நின்னாரு!"

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கோலுக்குப் பின்னால் நின்றிருந்த அப்பா கிரவுண்டைக் குறுக்கே கடந்து என்னை நோக்கி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே நின்றேன். பளாரென்று அறை விழுந்தது.

"யாரைப் பாத்து இன்னா பேசற நீ?" என்றார். அவர் உதடு நடுங்கியது. அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

அதற்குள் மாமா எழுந்துவிட்டார். பேட்டின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, மூச்சு வாங்க, சிரித்த முகத்தோடு சொன்னார்: "கொயந்தைய ஏன் மாப்ள அடிக்கற? அது சொல்றது நெசம்தானே. எனக்கு இன்னும் அந்தப் பயம் போவல. நீயே நில்லு." சொல்லிவிட்டு பேட்டை அப்பாவின் காலடியில் வைத்தார். இப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். கேஜ் ஓட்டிய பெரியவர், பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்றார். அப்பா ஜெயித்துவிட்டார். அப்பா அந்தப் பேட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால் ஜெயித்த ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கன்னம் சிவந்து வீட்டுக்குப் போனேன். அம்மா என் பக்கம் பேசுவார், அப்பாவை ஒரு வழி பண்ணிவிடுவார் என்று நம்பிக்கையோடு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "மாமாவையா சொன்ன? எல்லாரும் இருக்கறப்பவா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என் அப்பா என்னை அடிக்கிறார், என் அம்மா மாமாவுக்காக அழுகிறார். ஒரே காலையில் என் வீட்டில் எல்லோருக்கும் புத்தி மாறிப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

எட்டு வருடம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது, மாமாவைக் கோலார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நடந்தாலே மூச்சு முட்டியது. எக்ஸ்ரே உறையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருடம் கீழே வேலை செய்தீர்கள் என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். ஒன்பது வருடம் என்றார் மாமா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா டீம் ஆள் ஆயிற்றே. டீமில் ஆடுகிறவர்களுக்கு எப்போதும் மேலேதானே வேலை? அவர் மேலே விளக்கு எடுத்துக் கொடுக்கும் லேம்ப் ரூமில் இருந்தவர் என்றுதானே கேள்வி?

வெளியே பெஞ்சில் வைத்து அம்மா சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னார். கல்யாணமான இரண்டாம் வருடமே அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. ஆழத்து லெவலில் பாறையைத் துளைக்கும் வேலை. தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் தனியாக நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கீழே இறங்கினால் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லிவிட்டார். வெளியே சொன்னால் வேலையே போய்விடும் என்று அப்பா பயந்தார். மேலே வர ஒரே வழி டீம். அப்பாவுக்கு ஓட மூச்சு கிடையாது. கோலில் மட்டும்தான் நிற்க முடியும். கோலில் நிற்க ஒரே ஒரு இடம்தான் உண்டு, அதில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் போய்க் கேட்டேன்" என்றார் அம்மா. "அண்ணன் சோத்துல கை வச்சிருந்தாரு. சாப்ட்டு முடிச்சிட்டு சரின்னாரு."

மூன்று மாதம் தினம் சாயங்காலம் மேட்டுக்குப் பின்னால் வைத்து மாமா அப்பாவுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார். பந்து நெற்றியை உரசிய மறுநாள் கேப்டனிடம் போய் பயமாக இருக்கிறது என்றார். என் தங்கச்சி புருஷன் நன்றாக நிற்பார் என்றார். அடுத்த மாதம் அப்பா லேம்ப் ரூமுக்கு வந்தார். டீமை விட்ட மாமா கேஜில் ஏறிக் கீழே போனார். நான் பிறந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாமே, பயந்தாங்கொள்ளி என்ற பெயராவது வராமல் இருந்திருக்குமே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"முட்டின்னா டாக்டர் புடிச்சிப் பாத்து சரி பண்ணிடுவாரு. பயத்த யாரு புடிச்சிப் பாக்க முடியும்?"

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே மாமா இருமுவது கேட்டது. கிரவுண்டில் கேட்ட அதே இருமல், இப்போது இன்னும் ஆழத்திலிருந்து வந்தது. உள்ளே போய் அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போனேன். மாமா என்னைப் பார்த்ததும், பரீட்சை எப்போது என்று கேட்டார்.

ஆனால் இதெல்லாம் பிறகு வந்தது. பதினோரு வயதில் எனக்கு அந்த மேட்ச்தான் பெரிது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அப்பா கோலில் நின்றார். மாமா கோலுக்குப் பின்னால் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மன்னிப்பை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன். பங்காருபேட்டைக்காரர்கள் பந்தைக் கொண்டுவரும்போதெல்லாம் மாமாவின் உடம்பு முன்னால் சாய்ந்தது, கைகள் மடியைவிட்டுத் தானாக எழும்பின. பொறாமை என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதியில் அப்பா நல்ல அடி ஒன்றைக் காலால் தடுத்தார். என்னால் அடக்க முடியவில்லை. மாமாவின் பக்கம் திரும்பி, "பாருங்க மாமா, எங்கப்பா இன்னும் பத்து வருஷம் நிப்பாரு" என்றேன்.

மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்கணும் பாப்பா. அதுக்குத்தானே" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தோற்றவர் வேறு என்னதான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு, கை தட்டுவதற்காக எழுந்து அப்பாவின் பக்கம் ஓடினேன்.