ஒன்றையும் மூழ்கடிக்காத நீர்மூழ்கி

லண்டன் குரோய்டனில் டிராமில் போய்க்கொண்டிருந்தபோது நடேசலிங்கம் அண்ணையின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள். இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு முப்பத்தோராம் நாள் நினைவுமலரைத் தொகுக்கும் பொறுப்பையும் என்னிடம் தந்தாள். அந்த மலர்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

லண்டனுக்கு வருமுன் அண்ணை மியூனிக் நகரில் ஓர் உணவகத்தில் வேலை செய்தார். விடுமுறைதோறும் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போவார். ஜெர்மன் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான யு-1 அங்கே நிற்கிறது. மண்ணெண்ணெய் இயந்திரம், மேலே வந்து ஓடினால் புகையே காட்டிக்கொடுத்துவிடும். முதல் உலகப்போர் வந்தபோது அது பழசாகியிருந்தது. மாலுமிகளைப் பழக்கவே பயன்பட்டது.

அதன் வரலாற்றைக் கட்டுரையாக எழுதி, லண்டன் நோர்பரியில் எங்கள் தமிழ் மன்றம் கூடும் மண்டபத்தில் அண்ணை வாசித்தார். மன்றத் தலைவர் தவராசா இடைமறித்தார்.

"எத்தினை கப்பலைத் தாட்டது, அண்ணை?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப அது நீர்மூழ்கியோ, நீச்சல் பள்ளிக்கூடமோ?"

மண்டபம் சிரித்தது. "பள்ளிக்கூடம்தான். அதிலை படிச்ச ஆக்கள்தான் பிறகு தாட்டவை" என்றார் அண்ணை. அதற்கும் சிரித்தார்கள்.

சில மாதங்களில் அதே கட்டுரை ஒரு சஞ்சிகையில் தவராசாவின் பெயரில் வந்தது. யு-1 மூன்று போர்க்கப்பல்களை மூழ்கடித்ததாக ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்திருந்தது. அண்ணை தவராசாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். பக்கத்தில் இருந்த எனக்கும் பதில் கேட்டது.

"உங்கடை பேரை ஆருக்குத் தெரியும், அண்ணை? என்ரை பேரிலை வந்தால்தான் சனம் வாசிக்கும்."

மறுப்பு எழுதட்டுமா என்று கேட்டேன். "விடும் மாஸ்டர். என்னாலை ஏலாது" என்றார். அதன்பின் அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

சென்ற வாரம் தவராசா இந்த மலருக்கு அஞ்சலி அனுப்பினார். தாம் எழுதிய யு-1 வரலாற்றை அண்ணை விரும்பிப் படித்தாராம். அந்த மூன்று கப்பல்களும் அதிலும் இருக்கின்றன. "மாஸ்டர், வழமைபோலப் பிழையைப் பார்த்துத் திருத்திப் போடுங்கோ" என்றார். அந்தச் சஞ்சிகைக் கட்டுரையைத் தவிர, அவர் எழுதியவற்றையெல்லாம் இதுவரை திருத்திக் கொடுத்தவன் நான்.

"ஓம், பார்க்கிறன்" என்றேன்.

செய்வது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் செலவழிக்காமல் விட்டுப்போன கோபத்தை. அவர் எழுதிய வரலாறு, அவருடைய பெயரில், அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் தவராசாவின் அஞ்சலி. அதில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை.