செடி இல்லாத சரிவு

கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. ஒரு மழைக்காலையில் அதன் படிக்கட்டில் நான் வழுக்கி விழுந்தேன். நல்லவேளை, கையில் பிள்ளை இல்லை. ஆனாலும் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? “இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு புள்ளய எப்புடித் தூக்குவாங்க?” என்று லயத்து வீடுகளெல்லாம் பேச்சு. ஆஸ்பத்திரியில் சரியென்று சொல்லும்வரை பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்றார் தோட்டத்துத் துரை. தூக்காமல் பிள்ளை பார்ப்பதாம்! வேலை போய்விடுமோ என்று மறுநாளே பஸ் ஏறினேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் விழாமல் நிற்கப் பயிற்சி கொடுக்கும் மிஸ், என் இடுப்பில் பட்டி மாட்டி மேலே கொக்கியில் கோத்தார். கண்களை மறைத்து ஒரு கருவியைக் கட்டினார். அதற்குள் கடற்கரை தெரிந்தது. ஆடும் பலகையில் நின்று, பறந்து வரும் பந்துகளுக்கு விலக வேண்டும். அது பழகிவிட்டது. எனக்குப் பிடிக்குமே என்று பிறகு தேயிலை மலையைப் போட்டார். வந்தது வினை. சரிவு ஆடியதும் பக்கத்துச் செடியை எட்டிப் பிடித்தேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. மொத்த உடம்பும் முன்னால் சரிந்து பட்டியில் தொங்கினேன்.

“செடியப் பிடிக்காதீங்கம்மா, அது படம்.”

“வழுக்குனா செடியத்தான மிஸ் பிடிப்போம்? மலையில வேற என்ன இருக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

“கையில புள்ள இருந்தா எந்தக் கையால பிடிப்பீங்க?”

கொழுந்து பறித்த காலமெல்லாம் செடியை நம்பியே நடந்தவள் நான். அடுத்த கிழமையிலிருந்து தலையணையை இரண்டு கையாலும் அணைத்தபடி அதே மலையில் நின்றேன். சரிவு ஆடும்போதெல்லாம் முழங்காலை மடக்கி, காலை அகட்டி ஊன்ற வேண்டும்.

ஒருவழியாக ஆஸ்பத்திரியில் சரியென்று சொன்னார்கள். மறுநாள் தூறல். பிள்ளைக்காம்பராப் படிக்கட்டின் மேலே ஒரு தாய் பிள்ளையைக் கொடுக்கவும் மனமில்லாமல், என் முகத்துக்காக மறுக்கவும் முடியாமல் நின்று, கடைசியில் என் கையில் கொடுத்தாள்.

“நானும் பின்னாலயே வாரேங்கக்கா.”

அவள் உள்ளங்கை என் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் பாசியில் என் கால் சறுக்கியது. ஓரத்தில் தேயிலைச் செடி, எட்டினால் கைக்கு வரும். பிள்ளையை இறுக்கிக்கொண்டு முழங்காலை மடக்கினேன். நின்றுவிட்டேன்.

மெதுவாக, அவள் கை என் முதுகிலிருந்து விலகியது.

“மலைக்கு நேரமாச்சி, வாரேங்கக்கா” என்று மேலே ஏறிப் போனாள். எனக்கு இறங்க இன்னும் பாதிப் படி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.