ரொவிகோ மேம்பாலத்து மலையேறி

எங்கள் ஊரில் மலை கிடையாது. மேடுகூடக் கிடையாது. போ என்கிற ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்ட வண்டல்மேல் மேசைப் பலகை மாதிரி தட்டையாகக் கிடக்கிறது ரொவிகோ. உயரமான இடம் என்றால் இரண்டே இரண்டு. ஒன்று தேவாலய மணிக்கூண்டு. இன்னொன்று விரைவுச்சாலையைத் தாண்டிப்போகும் மேம்பாலம். மணிக்கூண்டில் சைக்கிள் ஏறாது என்பதால் என் கணவன் எர்மெஸ் மேம்பாலத்தில் மலையேற்றம் பழகினான்.

ஏறுவான், இறங்குவான், திரும்பி ஏறுவான். ஜனவரி மூடுபனியிலும் ஏறுவான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். ஒருத்தர் வண்டியை ஓரங்கட்டி, "அண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா? நானும் தேடட்டுமா?" என்று கேட்டாராம். இதை எர்மெஸே வந்து பெருமையாகச் சொன்னான். பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கட்டிய கணவனை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்க வேண்டாம். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மரியாதையெல்லாம் அங்கேயே தீர்ந்துபோயிற்று. படிப்பை விட்டதும் அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான், நான் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்தேன். அவன் வேன் வேகமாகப் போனதாக யாரும் சொன்னதில்லை. அதில் ஏறிய ஒரு குழந்தைக்கும் முழங்கால்கூடச் சிராய்த்ததில்லை. சாயங்காலம் வந்தால் பொரித்த விலாங்கு மீன், ஒரு கிளாஸ் ஒயின், டிவி முன்னால் குறட்டை. நல்ல மனுஷனாகத்தான் இருந்தான். ஐம்பத்தைந்தாம் வயதில் டாக்டர் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்தார். "கொழுப்பு ஏறியிருக்கு எர்மெஸ், தினம் கொஞ்சம் நடங்க." நடக்கத்தானே சொன்னார்? இவன் எங்கள் காரைவிட விலை கூடிய சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

அது எங்கள் படுக்கையறையில் தூங்குகிறது. என் ரேசரை எடுத்துத்தான் கால் முடியை மழிக்கிறான். நான் பஜ்ஜி மாவு நிறுக்கும் தராசில் சைக்கிள் திருகாணிகள் ஏறின. மணியைக் கழற்றினான், ஒரு தண்ணீர்ப் பாட்டில் தாங்கியைக் கழற்றினான். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தான்.

"பிரஷ்ஷை சைக்கிள்லயா கொண்டுபோகப்போற?" என்றேன்.

"பழக்கம்னா எல்லாத்துலயும் இருக்கணும் மிரெல்லா."

வீட்டுச் சாவியும் கனமாம். அதை வைத்துவிட்டுப் போய்விடுவான். நான் யாருக்காவது தலையில் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது, இறுக்கமான கால்சட்டையோடு கடை வாசலில் வந்து சாவி கேட்டு நிற்பான். என் வாடிக்கைக்காரிகள் அவன் கால்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். கிராம் கிராமாக மிச்சம் பிடிக்கிறவன் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கும் சாமானைக் குறைத்திருந்தால் எவ்வளவோ புண்ணியம். அதைச் சொன்னால் கோபம் வரும்.

இவ்வளவும் எதற்கு? ஒவ்வொரு ஜூலையிலும் டோலமைட் மலையில் நடக்கும் சைக்கிள் ஓட்டத்துக்கு. வீரர்களுக்கான போட்டி இல்லை, எர்மெஸ் மாதிரி ஆசாமிகளுக்கானது. பாதி வழியில் ஒரு கிராமம். அங்கே பாதை பிரிகிறது. வலதுபக்கம் திரும்பினால் அதே கிராமத்தின் மறுகோடியில் முடிவுக் கோடு, நல்ல பிள்ளையாகப் போய்ப் பாஸ்தா சாப்பிடலாம். இடதுபக்கம் திரும்பினால் இன்னும் இரண்டு கணவாய் ஏறி இறங்கி அதே கோட்டுக்கு வரவேண்டும். அது பெரிய பாதை. குறித்த நேரம் ஆனதும் இடதுபக்கத்தைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவன் அழுதாலும் புரண்டாலும் வலதுபக்கம்தான். மூன்று வருஷமும் கட்டிவிட்டிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு எர்மெஸ் வலதுபக்கம் திரும்பினான்.

இந்த ஓட்டத்துக்கு டாக்டர் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். இந்த வருஷம் இதயத்தைச் சோதித்த டாக்டரம்மா கையெழுத்துப் போடும்முன் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாளாம். "இதுதான் கடைசி. அடுத்த வருஷம் என்கிட்ட வராதீங்க, போட மாட்டேன்." அன்றைக்கு எர்மெஸ் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை இடதுபக்கம் திரும்பணும் மிரெல்லா. அவ்வளவுதான்."

எனக்கு மனசு இளகிவிட்டது. மறுநாள் காலையில் சமையலறைத் தராசில் காலுறைகளைப் பார்த்ததும் அது பழையபடி இறுகிக்கொண்டது.

இந்தக் கூத்தில் எனக்கும் ஒரு வேலை உண்டு. கடைசிக் கணவாயின் உச்சியில் செய்தித்தாளோடு நிற்பது. வியர்வையில் நனைந்து ஏறி வருகிறவன் தாளைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்கினால் குளிர்காற்று உள்ளே அடிக்காது. அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் செய்தது. இப்போது காற்றுப் புகாத சட்டையெல்லாம் வந்துவிட்டது, ஆனால் எர்மெஸுக்குத் தாள்தான் வேண்டும், அதை நான்தான் கொடுக்கவேண்டும். விடியுமுன்னே மலைப்பாதையில் கார்களை நிறுத்திவிடுவதால் அதற்கு முன்பே மேலே போய்விட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் இறங்க முடியும். மூன்று வருஷம் ஊதக்காற்றில் மூக்கு ஒழுக நின்றேன். மரண அறிவிப்புவரை தாளைப் படித்து முடித்தேன். அவனோ கீழே இரண்டாம் தட்டுப் பாஸ்தா வாங்கிக்கொண்டிருந்தான்.

"மேல நில்லு. இந்தத் தடவை வந்துடுவேன்" என்றான். தலையை ஆட்டிவைத்தேன். போகிறதாக இல்லை.

நாங்கள் தங்கும் விடுதி அந்தக் கிராமத்திலேயே இருக்கிறது. அதை நடத்தும் நோட்புர்கா அம்மாள் சாவியைக் கையில் கொடுக்கும்முன்பே ஆரம்பித்தாள்.

"துண்டெல்லாம் வெள்ளை. அதுல சைக்கிள் சங்கிலி துடைக்கக் கூடாது. போன வருஷம் உங்க வீட்டுக்காரர் துடைச்ச துண்டை நான் இன்னும் ஊறப்போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

"நான் பாத்துக்கறேன் அம்மா" என்றேன்.

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

அறைக்குப் போனதும் முதல் வேலையாகத் துண்டுகளை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எர்மெஸ் உப்பில்லாத சோற்றில் சீஸ் துருவிப் போட்டுத் தின்றான். மழைச்சட்டையை எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான். திரும்பக் கட்டில்மேல் போட்டான்.

"அதையாவது எடுத்துக்கோ. மலையில எப்ப கொட்டும்னு தெரியாது."

"வெறும் கனம்."

மறுநாள் இருட்டோடு அவன் கிளம்பிப் போனபின் நான் நிம்மதியாக இன்னொரு தூக்கம் போட்டேன். எழுந்து, ஞாயிற்றுக்கிழமைத் தாள் ஒன்று வாங்கிக்கொண்டு, பாதை பிரியும் இடத்துக் காப்பிக்கடையில் வெயிலில் உட்கார்ந்தேன். ஆப்பிளை மாவில் சுருட்டிச் சுட்ட ஸ்ட்ரூடலும் காப்பியும் சொன்னேன். அப்படி ஒரு சுகமான காலை, சைக்கிள் வீட்டுக்கு வந்த இந்த ஏழு வருஷமாக எனக்கு வாய்க்கவில்லை. எதிரே, கயிறு கட்டும் இளைஞன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் வளைவில் அந்தத் தொப்பையைப் பார்த்தேன். கயிறு இன்னும் கட்டப்படவில்லை.

எர்மெஸ் இடதுபக்கம் திரும்பினான். திரும்பும்போது என்னைப் பார்த்தான். பிரேக்கைப் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றினான்.

"நீ இங்கயா இருக்க?"

வாய் நிறைய ஸ்ட்ரூடல்.

"மேல நிக்கறேன்னு தலையாட்டினியே!"

"மூணு வருஷமா நின்னாச்சு. நீ முதல்ல போ!"

"நான் வரமாட்டேன்னே முடிவு பண்ணிட்ட, இல்ல?"

"ஆமா, பண்ணிட்டேன். அதுக்கென்ன இப்போ? கயித்தைப் பாரு மனுஷா!"

"இல்ல, எனக்கு இது தெரிஞ்சாகணும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவ..."

"வாழ்ந்ததை ராத்திரி பேசலாம்!"

இளைஞன் கயிற்றோடு வந்துவிட்டான். "அக்கா, அண்ணே, சண்டைய இந்தப் பக்கமும் போடலாம், அந்தப் பக்கமும் போடலாம். நான் கட்டியாகணும்."

"ஒரு நிமிஷம் பொறு தம்பி. நான் என் பொண்டாட்டிகிட்ட பேசிட்டிருக்கேன்" என்றான் எர்மெஸ்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. இந்தக் கயிற்றுக்காக மூன்று வருஷம் வீட்டில் இழவு காத்தவன், கயிறு திறந்திருக்கும்போது நடுரோட்டில் நியாயம் கேட்டுக்கொண்டு நிற்கிறான்! தாளை எடுத்தேன், அவன் சட்டை ஜிப்பை இறக்கினேன், முழுத்தாளையும் மடித்தபடியே நெஞ்சில் திணித்தேன், ஜிப்பை ஏற்றினேன். "இந்தா! நான் மேல நின்னதா வெச்சுக்கோ!" என்று சீட்டைப் பிடித்து முழுப் பலத்தோடு தள்ளினேன். தள்ளிவிடுவது விதிக்கு விரோதம். இளைஞன் கயிற்றின் முடிச்சை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எர்மெஸ் தடுமாறி, மிதித்து, மேலே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னாலேயே கயிறு விழுந்தது. ஸ்ட்ரூடல் மிச்சம் இருந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

மத்தியானம் மலைமேல் கறுத்தது. பிறகு மழை, மழையோடு ஆலங்கட்டி. முடிவுக் கோட்டுக்கு ஓடினேன். போனில் அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கலாமாம், அது சுற்றிக்கொண்டே இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் உதடு நீலமாக, பல் கிட்டித்து வந்தார்கள். கூட்டம் கரைந்தது. தட்டிகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நானும் அவனைத் திட்டிக்கொண்டே நின்றேன். மழைச்சட்டையைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், மேம்பாலம் கட்டியவனைத் திட்டினேன். பயம்தான். கடைசியில், முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன் வந்தது. கதவைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் இல்லை.

"இன்னும் ஒருத்தர் வர்றாரு. ஏறுங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், கேக்கல" என்றார் வேன்காரர். "எனக்கு ஸ்கூல் வேன் ஓட்டத் தெரியும், நீ சரியாவே ஓட்டலன்னு என்கிட்டயே சண்டை."

வந்தான். நடக்கிற வேகம்கூட இல்லை. கோட்டைத் தாண்டியதும் சைக்கிளோடு என்மேல் சாய்ந்தான். பல் தந்தியடித்தது. ஏதோ சொல்ல முயன்றான். காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சமையல் இணைப்பையாவது... எடுத்துட்டுக் குடுத்திருக்கலாமே... எவ்வளவு கனம் தெரியுமா?"

பாட்டில் தாங்கியைக் கழற்றியவன், மழைச்சட்டை வேண்டாம் என்றவன், ஞாயிற்றுக்கிழமைத் தாளை இணைப்போடு இரண்டு கணவாய்மேல் சுமந்திருக்கிறான்.

"தூக்கிப் போட வேண்டியதுதானே, மடையா!"

"நீ குடுத்தது."

அங்கேயே அழுதேன். கோபமா சந்தோஷமா என்று கேட்டால், இரண்டும்தான்.

விடுதிக் குளியலறையில் ஜிப்பை இறக்கினால் தாள் கூழாகிவிட்டிருந்தது. பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். நெஞ்சு முழுக்கக் கறுப்பு மை. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்தேன், வெள்ளைத் துண்டை எடுத்தேன், சூடு வரும்வரை தேய் தேய் என்று தேய்த்தேன். ஒன்று போதவில்லை. நாலும் தீர்ந்தன.

காலையில் கிளம்பும்போது நோட்புர்கா அம்மாள் துண்டுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எர்மெஸ் பக்கம் திரும்பினாள். அவன் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரைச் சொல்லாதீங்க அம்மா" என்றேன். "இந்த வருஷம் நான்."