அத்தை நேராக நடந்த நாள்

டாக்டர் என்று யார் வந்து நின்றாலும் அத்தைக்கு இடது கால் சரியாகிவிடும். எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் தேறாவிட்டால் தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலை போகும். வேலை போனால் லயத்தில் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். அதனால் அந்த ஐந்து நிமிடம் மட்டும் தொடையை இறுக்கிக்கொண்டு நேராக நடந்துவிடுவாள். வெளியே வந்துதான் சுவரைப் பிடிப்பாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் தாக்காட்டுவாய் என்று கங்காணி வேறு கேட்க ஆரம்பித்திருந்தார்.

அதே காலோடு பேட்மின்டன் ஆடி, மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேசப் போட்டி வரைக்கும் போனவள் அவள். நடக்கவே சிரமப்படுகிறவர்களுக்கு அதில் ஒரு பிரிவு உண்டு. களத்தில் பாதியைக் காத்தால் போதும். மூணாறில் அத்தை ஆறு வருஷம் பழகியது அந்தப் பாதியைத்தான்.

யார் எந்தப் பிரிவு என்பதை வெளிநாட்டு டாக்டர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். துணைக்குப் போனது, வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளான நான். எட்டாம் வகுப்பு. வடக்கே போட்டி நடந்த ஊருக்கு இரண்டு நாள் ரயிலில் சரியாகத் தூங்காமல் போய்ச் சேர்ந்திருந்தோம்.

நடக்கச் சொன்னார்கள். அத்தை அவ்வளவு நேராக நடந்து நான் பார்த்ததே இல்லை. படியேற எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

“அதெல்லாம் ஏறிருவேன்னு சொல்லுலே.”

சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம். முதுகில் கொழுந்து மூட்டையோடு மலைச்சரிவில் இறங்குவாள் என்றும், யாரும் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன். பிழையில்லாமல் வந்ததில் எனக்குத் திருப்தி. அந்தம்மா எழுதிக்கொண்டார்.

முழுக் களத்தில் ஆடும் பிரிவில் போட்டார்கள். முதல் ஆட்டத்தோடு முடிந்தது. எதிரில் நின்ற பெண் ஒவ்வொரு முறையும் அத்தை பழகாத பக்கமாகவே அடித்தாள். அத்தை போய்ச் சேர்வதற்குள் இறகுப்பந்து தரையில் கிடக்கும்.

திரும்பும் ரயிலில் காலை நீவிக்கொண்டே வந்தாள். கொஞ்சம் நொண்டியிருக்கலாமே என்றேன்.

“டாக்டரப் பாத்ததும் காலு தானா நிமிந்துருதுலே. நான் என்ன செய்ய?”

லயத்துக்கு வந்ததும், அத்தையின் கால் நன்றாக இருக்கிறது என்று வெளிநாட்டு டாக்டர்களே சொல்லிவிட்டதாக வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தோற்றுவிட்டு வந்தவளுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்? அவள் என்னைத் தடுக்கவில்லை. சாயங்காலம் கங்காணி வந்தபோது மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.

“அந்த டாக்டரம்மா சொன்னத இவுககிட்டயும் சொல்லுலே. இங்கிலீஷ்லயே சொல்லு.”

சொன்னேன். என் படிப்பை அவரிடம் காட்டிப் பெருமைப்படுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.